கடைமடைக்கு ஏறாத ரத்தம்

ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு ஐசியூவிலிருந்து போன் வந்தால், என்ன கேட்கப் போகிறார்கள் என்பது எடுக்கும்போதே பாதி தெரிந்துவிடும்.

"மேடம், அப்னியா டெஸ்ட் முடிக்க முடியல. மூணாவது நிமிஷத்துலயே சாச்சுரேஷன் இறங்கிடுச்சு. சிடி ஆஞ்சியோ ஒண்ணு பாத்துடலாமா?"

நான் கதிரியக்க மருத்துவர். ஊர்ப் பேச்சில் ஸ்கேன் டாக்டர். டை என்ற மருந்தை ரத்தக்குழாயில் செலுத்தி, ரத்தம் எங்கெங்கே ஓடுகிறது என்று சிடி ஸ்கேனில் பார்ப்பதுதான் சிடி ஆஞ்சியோ. காவிரி டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையில் பதினேழு வருடமாக இருக்கிறேன். மூளைச்சாவை உறுதி செய்ய உதவி கேட்டு என்னிடம் வந்த ஸ்கேன்கள் அதிகமில்லை. ஒவ்வொன்றும் முகத்தோடு நினைவிருக்கிறது. அன்று ராத்திரி நான் ஒரு பெரிய தவறு செய்ய இருந்தேன். முக்கியமாக அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பையனுக்கு 22 வயது. பின்விளக்கு இல்லாமல் ரோட்டோரம் நின்ற டிராக்டர் டிரெய்லரில் பைக்கோடு போய் மோதியிருந்தான். ஹெல்மெட் இல்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கிடந்தன; இமையைப் பிரிக்கவே முடியவில்லை. வலது காதில் ரத்தம். நெஞ்சிலும் அடி, நுரையீரல் கன்றிப்போயிருந்தது. மூளைச்சாவைச் சோதிக்க கண்மணியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கண்ணைத் தொட்டால் இமை துடிக்கிறதா, தொண்டையில் குழாய் விட்டு உறிஞ்சினால் இருமல் வருகிறதா, காதில் ஐஸ் தண்ணீர் விட்டால் கண் அசைகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 60-ஐத் தாண்டும் வரை காத்திருந்து, நெஞ்சு தானாக ஒரு தடவையாவது எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் அப்னியா டெஸ்ட். இந்தப் பையனிடம் பாதிச் சோதனைகளைச் செய்யவே வழியில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை, அதாவது மூச்சையும் விழிப்பையும் நடத்தும் மூளையின் அடிப்பாகம் செத்துவிட்டதைச் சான்றளிக்க ஸ்கேனைக் கேட்கவில்லை. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை படுக்கையருகே சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் முறை. உறுப்பு மாற்று அறுவை செய்யப்போகும் குழுவில் இருப்பவர் அந்த நால்வரில் ஒருவராக இருக்கக் கூடாது. ஸ்கேன் இதற்கெல்லாம் பக்கத்துணை. படுக்கையருகே ஒரு சோதனை தடைபடும்போது, அல்லது மயக்க மருந்து இன்னும் உடம்பில் இருக்குமோ என்ற சந்தேகம் வரும்போது, ஒரே ஒரு கேள்விக்கு அது பதில் சொல்லும்: மூளைக்கு ரத்தம் போகிறதா, இல்லையா?

அது ஏன் போகாமல் நிற்கும்? மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி. அடிபட்ட மூளை வீங்கும்போது விரிந்துகொடுக்க இடமில்லை. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நல்ல நிலையில், பிபி அளக்கும் அதே கணக்கில் 15-க்குள் இருக்கிற அந்த அழுத்தம், இதயம் ரத்தத்தைத் தள்ளும் அழுத்தத்தைத் தொட்டுவிட்டால் ரத்தம் உள்ளே ஏறாது. நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லி ரத்தம் குடிக்கிற உறுப்பு அது. சில நிமிடம் வராவிட்டாலே செல்கள் சாக ஆரம்பித்துவிடும். இதயமோ தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். வென்டிலேட்டர் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை அது துடிக்கும், உடம்பு சூடாக இருக்கும், சிறுநீர் வரும். குடும்பத்தார் நம்ப மறுப்பதில் ஆச்சரியமே இல்லை.

இந்த நிலையை முதலில் கண்டதே படம்தான் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. ரீஷெட், எத்தல்பெர்க் என்ற இருவர் 1953-லேயே ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்: கழுத்துக் குழாயில் செலுத்திய டை மண்டையின் அடிப்பகுதியோடு நின்றுபோனது. பாரிஸில் மோலாரே, கூலோன் இருவரும் 'கோமாவையும் கடந்த நிலை' என்று இதற்குப் பெயர் வைத்தது 1959-ல். அமெரிக்காவின் ஹார்வர்ட் குழு மூளைச்சாவுக்கு வரையறை சொன்னது 1968-ல்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

பையனை ஐசியூவிலிருந்து சிடி அறைக்குக் கொண்டுவந்தார்கள். கையால் மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கை ஒருவர் அழுத்த, ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ள, சிஸ்டர் கையில் பிபியைத் தாங்கிப்பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்தின் பம்ப். வலது முழங்கை மடிப்பில் 18 நம்பர் ஊசி. முதலில் டை இல்லாமல் ஒரு சுற்று, டை போட ஆரம்பித்து 20-வது நொடியில் ஒரு சுற்று, 60-வது நொடியில் ஒரு சுற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும், அந்த மிஷினில் என்னைவிட அதிக வருடம் வேலை பார்த்த டெக்னீஷியன் அண்ணனும், நியூரோ சர்ஜரியிலிருந்து வந்த இளம் டாக்டரும்.

படம் வந்தது. காதுக்கு முன்னால் பொட்டில் ஓடும் ரத்தக்குழாய் இரண்டு பக்கமும் வெள்ளிக் கம்பி மாதிரி பளிச்சென்று இருந்தது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். டை தலை வரைக்கும் வந்து சேர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அது வெளிறியிருந்தால் படமே செல்லாது. ஊசி நழுவியிருக்கலாம், நேரம் தப்பியிருக்கலாம். அப்புறம் உள்ளே போனேன். 60-வது நொடிப் படத்தில் மூளையின் ஓரத்தில், மடிப்புகளுக்கு இடையே நூல் நூலாகப் பிரியும் நடு மூளைத் தமனியின் கிளைகள் எங்கேயும் இல்லை. நட்ட நடுவில் ரத்தம் திரும்பி வரும் அந்த இரண்டு சின்னச் சிரைகளும் இல்லை. உச்சந்தலைத் தோல் வரைக்கும் ரத்தம் பளபளக்கிறது, ஓட்டுக்கு உள்ளே ஒரே சாம்பல்.

"ஃப்ளோ இல்ல, மேடம்" என்றார் அந்த டாக்டர். குரலில் ஒரு விடுதலை தெரிந்தது. இரண்டு நாளாகத் தூங்காதவர். நான் ரிப்போர்ட் டைப் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

டெக்னீஷியன் அண்ணன் என் பக்கமாகக் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மேடம், டை போறப்ப பிபி 70 தான் இருந்துச்சு."

திரும்பி மானிட்டரைப் பார்த்தேன். மேல் பிபி 72, கீழே 40. டிராலியிலிருந்து டேபிளுக்கு மாற்றும்போது பம்ப்பின் குழாய் மடங்கியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த அழுத்தத்தில், ஓரளவு வீங்கிய மூளைக்கும்கூட ரத்தம் ஏறாமல் போகலாம். படத்தில் 'ஓட்டம் இல்லை' என்பது உண்மை. அது மூளை செத்ததாலா, பிபி விழுந்ததாலா என்பதை அந்தப் படம் சொல்லாது. டைப் செய்ததை அழித்தேன். 'ரத்த அழுத்தம் போதாத நிலையில் எடுக்கப்பட்டது. முடிவு சொல்ல இயலாது' என்று மட்டும் எழுதினேன். இளம் டாக்டருக்கு முகம் வாடிவிட்டது. வெளியே குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, அவர்களிடம் மறுபடி போய் நிற்கப்போவது அவர்தானே.

விடிகாலை ஐந்தரைக்கு, பிபியை 120-க்குக் கொண்டுவந்து, உடம்புச் சூடு 36-க்கு மேல் இருப்பதை உறுதி செய்து, மறுபடி எடுத்தோம். அதே படம்தான் வந்தது. வெளியில் பளிச், உள்ளே இருட்டு. முதல் படம் சொன்னதே சரியாகிப்போனது என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. முதல் படத்தை நம்பி நான் கையெழுத்துப் போட்டிருந்தால், அது சரியாக அமைந்தது தற்செயல்.

அன்றிலிருந்து டை போடும் நிமிடத்தின் பிபியையும் உடம்புச் சூட்டையும் நானே வாய்விட்டுக் கேட்டு, ரிப்போர்ட்டின் முதல் வரியில் எழுதுகிறேன். மேல் பிபி 100-க்குக் கீழே இருந்தால் டை போட விடமாட்டேன். இளைய கதிரியக்க டாக்டர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: அந்த வரி இல்லாத ரிப்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஆஞ்சியோவுக்கும் முன்னால், சாதாரண சிடி படத்துக்கே இதில் ஒரு பெரிய வேலை உண்டு. மூளை இப்படி ஆனதற்குக் காரணம் படத்தில் தெரிய வேண்டும். ரத்தக்கசிவோ, கட்டியோ, மடிப்புகள் எல்லாம் அழிந்து வழவழவென்று ஆகிவிட்ட வீக்கமோ, ஏதாவது. தெரியவில்லையென்றால் அங்கேயே நிற்க வேண்டும்.

சில வருடம் முன்பு ஒரு விவசாயக் கூலிப் பெண்மணி வந்தார். நாற்பது வயது இருக்கும். களத்து வீட்டில் தரையில் பாய் விரித்துப் படுத்தவர், விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்தார். கொஞ்ச நேரத்தில் கண் சொக்கியது, பேச்சு குழறியது, மூச்சு நின்றது. எங்களிடம் வந்தபோது வென்டிலேட்டரில் இருந்தார். கண்மணி இரண்டும் விரிந்து, டார்ச்சுக்கு அசையவில்லை. கை கால் அசைவு எதுவும் இல்லை. 'மூளைச்சாவு மாதிரி இருக்கு, சிடி பாருங்க' என்று சீட்டு வந்தது. படத்தைப் பார்த்தால் அப்பழுக்கில்லாத மூளை. ஒவ்வொரு மடிப்பும் செதுக்கி வைத்தது போல இருந்தது. இப்படி ஒரு மூளை எப்படிச் செத்திருக்கும்? போன் போட்டேன். "கட்டுவிரியனா இருக்குமான்னு பாருங்க." கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் தடமே தெரியாது, வீக்கமும் இருக்காது. நரம்பிலிருந்து தசைக்குச் சேதி போகாமல் அடைத்துவிடும், கண்மணியைக்கூட விரித்துவிடும். மூளை விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஐசியூவில் விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் தொடர்ந்தன. பன்னிரண்டாம் நாள் அந்த அம்மா நடந்து போனார். போகும் முன் சிஸ்டரிடம் சொன்னதாக என்னிடம் வந்து சொன்னார்கள்: "நீங்க பேசுனது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் படுக்கையைச் சுற்றி நின்று என்னென்ன பேசியிருப்போம்?

ஆகவே, நம் ஊரில் காரணம் தெரியாத ஆழ்ந்த மயக்கத்தில், படமும் சுத்தமாக இருந்தால், பாம்பையும் பூச்சி மருந்தையும் தூக்க மாத்திரையையும் நினைக்காமல் மூளைச்சாவு என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. குடும்பத்தாராக இருந்தால், எங்கே படுத்திருந்தார், வீட்டில் என்ன மருந்து இருந்தது என்பதைக் கேட்காமலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மூளைத்தண்டு சுத்தமாகச் செயலிழந்திருக்கும், படத்திலோ கொஞ்சம் ரத்த ஓட்டம் தெரியும். வீக்கத்துக்காக மண்டை எலும்பில் ஒரு பெரிய துண்டை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால், மூடிய பெட்டி என்ற கணக்கே மாறிவிடுகிறது. அழுத்தம் வெளியேற வழி இருப்பதால் ரத்தம் கொஞ்சம் உள்ளே கசியும். உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்கும், மூளை நீரை வெளியேற்றக் குழாய் வைத்தவர்களுக்கும் இதே கதை. அப்படி ஒருவருக்கு யோசிக்காமல் எடுத்த ஆஞ்சியோவால் ஒரு குடும்பம் எட்டு நாள் அல்லாடியதைப் பார்த்திருக்கிறேன். 'ரத்தம் ஓடுதாம்' என்று யாரோ வராந்தாவில் சொல்லிவிட்டார்கள். சாமி கும்பிட்டு, மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு, நகையை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். இதயம் நின்றது எட்டாம் நாள். எலும்பு எடுத்திருக்கிறதா என்று ஸ்கேன் கேட்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

சிடி ஆஞ்சியோவின் இந்தக் குறைகளுக்காகத்தான் 2023-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அதை உறுதிச் சோதனையாக ஏற்கவில்லை. கழுத்தின் நான்கு குழாய்களையும் கதீட்டர் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோகிராம், டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் அணு ஸ்கேன், பெரியவர்களுக்கு ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் என்று மூன்றைத்தான் அது சொல்கிறது. அணு ஸ்கேனில் மூளை செத்திருந்தால் மண்டை வெறும் ஓடு மாதிரி காலியாகத் தெரியும், மூக்குப் பகுதி மட்டும் ஒளிரும். மிகத் தெளிவான படம். எங்கள் மாதிரி இடங்களில் அந்த வசதி இல்லை. டாப்ளரை ஐசியூவிலேயே பார்த்துவிடலாம். ரத்தம் முன்னே போய்ப் பின்னே வருவது அலையாகத் தெரியும். ஆனால் கை பழகியவர் வேண்டும், பத்தில் ஒருவருக்கேனும் பொட்டு எலும்பு தடித்து ஒலி உள்ளேயே போகாது. பிரான்ஸில் சிடி ஆஞ்சியோவை வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். என் கருத்து இது: நடு ராத்திரியில் கைவசம் இருப்பது சிடி என்றால் எடுக்கலாம், அதன் எல்லை தெரிந்து எடுக்க வேண்டும். படுக்கையருகே செய்ய முடிந்த சோதனையை விட்டுவிட்டு அதன் இடத்தில் இதை வைப்பதற்கு நான் ஒத்துக்கொள்வதில்லை.

அந்தப் பையன் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. அன்று பகலில் கண் டாக்டர் வந்து கொக்கியால் இமையை விலக்கிக் கண்மணியைக் காட்டினார். அடிபடாத இடது காதில் ஐஸ் தண்ணீர் சோதனை முடிந்தது. நுரையீரலுக்கு அழுத்தம் கொடுத்துக்கொண்டே அப்னியா டெஸ்டையும் முடித்தார்கள். நெஞ்சு எழும்பவில்லை.

இரண்டாவது சுற்றுக்கு இன்னும் நேரம் இருந்தபோது, ஐசியூ டாக்டர் என்னிடம் வந்தார். "பையனோட அப்பா படத்தக் காட்டச் சொல்றாரு மேடம். காட்டலாமா?" நான் அதுவரை யாருக்கும் காட்டியதில்லை. கூட்டிவரச் சொன்னேன்.

அறுபதை ஒட்டிய மனிதர். வெள்ளை வேட்டியில் செம்மண் காயாமல் இருந்தது, வயலிலிருந்து நேரே வந்திருப்பார் போல. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. திரையில் முதலில் வேறொருவரின் நல்ல படத்தைப் பெயர் மறைத்துக் காட்டினேன். கழுத்திலிருந்து ஏறி, கிளை கிளையாகப் பிரிந்து, ஓரம் வரைக்கும் வெள்ளையாகப் பரவும் ரத்தக்குழாய்கள். பக்கத்தில் பையனின் படம்.

ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் விரலைத் திரையில் படாமல் வைத்து, கழுத்தில் ஆரம்பித்து மேலே கொண்டுபோனார். மண்டையின் அடிப்பகுதியில் விரல் நின்றது.

"டாக்டரம்மா, கல்லணை வரைக்கும் தண்ணி வந்துருச்சு. கடைமடைக்கு ஏறல. அப்படித்தானுங்களே?"

"ஆமாங்கய்யா. அப்படித்தான்."

"முறை வச்சு இன்னுங் கொஞ்சம் வேகமா விட்டா ஏறாதுங்களா?"

இந்த இடத்தில் நான் தடுமாறினேன். அவர் கொடுத்த உவமையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது மென்மையாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மென்மையாகச் சொல்லும் அரைகுறைப் பதிலில் ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்திருக்கிறேன்.

"ஏறாதுங்கய்யா. காலையில நல்ல வேகத்துல விட்டுத்தான் இந்தப் படத்த எடுத்தோம். தண்ணி நின்னு ரொம்ப நேரம் ஆயிடுச்சு. பயிர் போயிடுச்சு. உங்க பையன் இறந்துட்டாரு. நெஞ்சு துடிக்கிறது மிஷின் காத்து குடுக்கறதால."

'இறந்துட்டாரு' என்ற சொல்லை அவரிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. 'கஷ்டம்', 'வாய்ப்பில்ல', 'மூளை வேலை செய்யல' என்றெல்லாம் சொல்லியிருந்திருக்கிறோம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எதுவும் பேசவில்லை.

ஐசியூவில் இருக்கும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது. ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது 'உயிர் இருக்கான்னு பாக்கப் போறோம்' என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில், திரும்பி வருவதற்கு ஒரு கதவு திறந்திருக்கிறது என்று அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். 'மூளைக்கு ரத்தம் போறது நின்னுடுச்சுன்னு நினைக்கிறோம், அதைப் படத்துல உறுதி செய்யறோம்' என்று சொல்லலாம். 'கோமா' என்ற சொல்லை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். கோமாவிலிருந்து எழுந்தவர்கள் கதை ஊருக்கு நாலு இருக்கும். கால் விரல் அசைந்தது, கை லேசாகத் தூக்கியது என்று உறவினர் சொன்னால் அதைத் தள்ளிவிடாமல், முதுகுத்தண்டின் தனி அசைவு அது என்று விளக்குங்கள். அவர்கள் பார்த்தது பொய்யில்லை. உறுப்பு தானப் பேச்சு ஸ்கேன் அறைப் பக்கம் வரவே கூடாது. இறப்பை அவர்கள் வாங்கிக்கொண்ட பிறகு, துயரத்தில் இருக்கும் குடும்பத்தோடு பேசப் பழகிய கிரீஃப் கவுன்சிலர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. தமிழ்நாட்டில் 2008-ல், விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் கொடுக்க அவன் பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிறகு உறுப்பு தானம் என்றால் என்ன என்று மக்களுக்குத் தெரியும், கேட்டால் யோசிக்கிறார்கள். அவசரப்படுத்தினால்தான் 'இதுக்குத்தானா இவ்வளவு?' என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி ஒரு தடவை எழுந்துவிட்டால் எந்தப் படமும் அதை ஆற்றாது.

இரண்டாவது சுற்றும் முடிந்து, நான்கு கையெழுத்தும் விழுந்த பிறகு, அந்தப் பெரியவரிடம் கவுன்சிலர் பேசினார். ஒரு மணி நேரம் தம்பியோடு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்து, சரி என்றார். கண்ணை மட்டும் எடுக்க வேண்டாம், அவன் அம்மா முகம் பார்ப்பாள் என்றார். அப்படியே செய்தார்கள்.

போகும் முன் என் அறை வாசலில் வந்து நின்றார். அந்தப் படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். போலீஸ் கேஸ் என்பதால் ஃபிலிமை முறைப்படி கேட்டு வாங்க வேண்டும். அதிகாரியிடம் நானே பேசி, ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். பெரிய பிரவுன் கவரில் இரண்டு படம். அவர் கேட்டபடி அந்த நல்ல படத்தையும் பெயர் நீக்கி வைத்திருந்தேன்.

"ஊருல அவ ஒருத்தி இருக்காம்மா. எனக்கு வாயால சொல்ல வராது" என்றார். கவரை மடிக்காமல், இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.